வியன்னாவில் பேலா குட்மான் தடத்தில் ஒரு நடைச் சுற்றுலா: போய்வந்த அனுபவம்

ஹங்கேரியக் கால்பந்துப் பயிற்சியாளர் குட்மானைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் சாபத்தில்தான் ஆரம்பிப்பார்கள். 1961, 1962 இரண்டு வருஷமும் போர்ச்சுகலின் பென்ஃபிகா அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், கேட்ட பணம் கிடைக்காததால் "இன்னும் நூறு வருஷத்துக்கு உங்களுக்குக் கோப்பை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்பது கதை. வியன்னாவில் நாங்கள் போன நடைச் சுற்றுலாவில் இதற்குக் கடைசிப் பத்து நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் அவர் ஊர் ஊராகப் போய்ப் பந்தாடிய காலத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்காகவே தாராளமாகப் போகலாம்.

பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் தனியாளாக நடத்துகிறார். ஆளுக்கு 40 யூரோ, எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆங்கிலம் நிதானமாக, தெளிவாகப் பேசுகிறார். என்னோடு அக்கா மகனும் வந்திருந்தான், பதினான்கு வயசு. அவனுக்கும் அலுக்கவில்லை.

யூதர்கள் நிறைந்திருந்த லியோபோல்ட்ஷ்டாட் தெருக்களில் நடை தொடங்குகிறது. குட்மான் 1899-ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் நடன ஆசிரியர்கள். இவரும் அதில் தேர்ச்சி பெற்றவர். அந்த ஊர் எம்.டி.கே. அணியில் ஆடி லீக் பட்டம் வென்றவர், ஹங்கேரியில் யூத வெறுப்பு முற்றியதும் வியன்னாவுக்கு வந்து ஹகோவா அணியில் சேர்ந்தார். 1909-ல் யூதர்கள் தொடங்கிய சங்கம் அது.

அங்கிருந்து யூ2 மெட்ரோ பிடித்து கிரியாவ். பிராட்டர் பூங்காவை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் ஹகோவாவின் மைதானம் இருந்தது. 1938-ல் நாஜிகள் பிடுங்கிக்கொண்டார்கள். 2008-ல் அதே பகுதியில் புதிய விளையாட்டு மையம் திறந்திருக்கிறார்கள். அதன் வெளியே நடைபாதையில் ஆசிரியர் சாக்பீஸால் 2-3-5 அமைப்பை (தடுப்பில் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) வரைந்தார். நடு வரிசையின் மையத்தில் ஒரு வட்டம் போட்டு, "இதுதான் குட்மான்" என்றார். அந்தக் காலத்து சென்டர் ஹாஃப் இன்றைய ஸ்டாப்பர் மாதிரி தடுப்பதோடு நிற்பவர் இல்லை. பின்னால் பந்தை வாங்கி, நிமிர்ந்து பார்த்து, முன்னால் இருக்கும் ஐந்து பேரில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர். சனிக்கிழமைகளில் பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன் நான். பயிற்சியாளர் குட்மான் எங்கிருந்து வந்தார் என்பது அந்த வட்டத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

1925-ல் ஹகோவா ஆஸ்திரியாவின் முதல் தொழில்முறை லீக்கை வென்ற கதையையும் அங்கேயே சொன்னார். கோல்கீப்பர் ஃபாபியனுக்குக் கை உடைந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரர் இறங்க அப்போது விதியில்லை. கையைத் தூளியில் கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனவர், வெற்றி கோலையும் அவரே போட்டார். "மாமா, நிஜமாவா?" என்று அக்கா மகன் என்னை உலுக்கிவிட்டான்.

எனக்கு மனசில் நின்றது அமெரிக்கப் பகுதி. 1926-ல் ஹகோவா அங்கே சுற்றுப்பயணம் போனபோது நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் 46,000 பேர் கூடினார்கள். குட்மான் உட்படப் பல ஆட்டக்காரர்கள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். அவர் நியூயார்க் ஜெயன்ட்ஸுக்கு ஆடினார்; 1929-ல் நியூயார்க் ஹகோவாவோடு தேசியக் கோப்பையை வென்றார். மதுவிலக்குக் காலத்தில் ஒரு கள்ளச் சாராய விடுதியில் பங்குகூட வைத்திருந்தார். அதே 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, சேர்த்ததெல்லாம் போனது. வியன்னா திரும்பி, 1933-ல் ஹகோவாவுக்கே பயிற்சியாளரானார்.

பிற்பாடு சம்பளத்தில் கறாராக இருந்ததைப் பேராசை என்று எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை என்பது என் ஆதங்கம். இரண்டாம் உலகப் போரில் அப்பாவை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். பரணில் ஒளிந்திருந்து, பிறகு கட்டாய உழைப்பு முகாமில் அடைபட்டு, இன்னொரு யூதப் பயிற்சியாளரான எர்ப்ஸ்டைனோடு தப்பித்தவர். போர் முடிந்து ருமேனியாவில் வேலை பார்த்தபோது பணத்துக்குப் பதில் காய்கறியைச் சம்பளமாகக் கேட்டார். நாளைக்கு இந்த ஊரில் இருப்போமா என்று தெரியாதவர் பேசிய கூலியைக் கேட்டு வாங்காமல் என்ன செய்வார்?

நடை முடிவது பக்கத்திலேயே இருக்கும் ஏர்ன்ஸ்ட் ஹாப்பல் அரங்கத்தின் முன்னால். 1990 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு இங்கே வந்த பென்ஃபிகா, இத்தாலியின் மிலான் அணியிடம் 1-0 என்று தோற்றது. சாபத்தை நீக்கச் சொல்லி வேண்ட, குட்மான் கையில் வளர்ந்த பென்ஃபிகா நட்சத்திரம் யூசேபியோ ஆட்டத்துக்கு முன்பு வியன்னாவிலுள்ள அவர் கல்லறைக்குப் போயிருந்தார்.

குறை என்றால் இரண்டு. அந்தக் கல்லறை இந்த நடையில் சேராது. நாமே தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குட்மான் சாவோ பாலோ அணிக்கு 1957-ல் பட்டம் வாங்கிக் கொடுத்த பிரேசில் காலத்தையும் ஆசிரியர் அவசரமாக முடித்துவிட்டார். அந்தக் காலத்து 4-2-4 ஆட்ட அமைப்பைப் பற்றிக் கேட்க ஆசையாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நேரம் ஒதுக்குவார். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் நடை கிடையாது. ஞாயிறு காலை கேளுங்கள். கிரியாவ் பக்கம் கூட்டம் குறைவாக இருக்கும்.