நாலு பரப்புக் காணியும் நாலு நாட்டுக் கையெழுத்தும்

நல்லூர்த் திருவிழா நேரம் ஊருக்குப் போனால் கோயிலும் சொந்தக்காரர் வீடுகளுமாக நாள் ஓடிவிடும். இந்த முறை 4 கிழமை லீவில் பாதிக்கு மேல் விதானையார் (கிராம சேவையாளர்) அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டு விறாந்தையிலும்தான் இருந்தேன். சின்னம்மாவுக்கு அரசாங்க வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று ரொறன்ரோவில் வெளிக்கிடும்போதே நினைத்திருந்தேன். அது சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்று எழுதினால் வேறு நாலு குடும்பத்துக்காவது உதவும். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த உறவுகள் ஊரில் இருக்க, மற்றவர்கள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் எங்களைப்போல் நிறைய இருக்கின்றன.

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியபோது சின்னம்மா மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர். முதலில் மண்டபம் முகாம், பிறகு தமிழ்நாட்டுக்குள் வேறொரு முகாம். அங்கேயே கல்யாணம் நடந்தது, அங்கேயே மகள் பிறந்தாள், அங்கேயே சித்தப்பா காலமானார். 33 வருடம். 2023 இல் ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர். ஒழுங்கில் மகளோடும் பேரனோடும் வந்து பலாலி விமான நிலையத்தில் இறங்கினார்.

இப்போது இருப்பது அம்மப்பாவின் காணியில், இடிந்த பழைய வீட்டின் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தகரம் அடித்த ஒரு கொட்டில். காணி நாலு பரப்பு, இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் கொட்டில் பத்தடிக்குப் பத்தடிதான்.

"ஏன் சின்னம்மா இவ்வளவு சின்னனா அடிச்சனீங்கள்?"

"பழகின அளவு தம்பி. மேசன் கேக்கேக்க வாயில அதுதான் வந்தது."

முகாமில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறையின் அளவு அது. கறையானுக்குப் பயந்து, பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு துணிப் பையில் போட்டுக் கூரைத் தடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பையை அவிழ்த்து எடுப்பார், பின்னேரம் திரும்பி வந்ததும் கட்டுவார். அந்த முடிச்சைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

முதல் சிக்கல், ஊர்க்காரி என்று காட்டுவது. விதானையார் சின்னப் பிள்ளை, சின்னம்மா வள்ளம் ஏறிய காலத்தில் பிறந்தேயிருக்க மாட்டார். மரியாதையாகத்தான் கதைத்தார். "அம்மா, உங்களை எனக்குத் தெரியாது எண்டு நான் சொல்லேல்ல. நான் கையெழுத்து வைக்க ஒரு பேப்பர் வேணும்" என்றார். பிழையில்லை, அவர் வேலை அது. பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் எடுக்கச் சொன்னார். அதற்கு யாழ்ப்பாணத்துக்கு மூன்று தரம் போனோம். மூன்றாம் நாள் ஒரு எழுதுவினைஞர் மஞ்சளாகிப்போன தாளில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கிவந்தார். அம்மப்பா பெயர், அம்மம்மா பெயர், அதற்குக் கீழே சின்னம்மாவின் கன்னிப் பெயர். சின்னம்மா வாய்க்குள் தகப்பன் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வெளியே வந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று அழுதார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னம்மாவின் மகள், என் தங்கச்சியின் விஷயம் வேறு. இலங்கைப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. பிறப்பைப் பதிவு செய்து எடுக்க வேண்டும். சட்டப்படி ஒரு வருடத்துக்குள், பிந்தினால் அமைச்சரின் அனுமதியோடு. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இதைச் செய்துகொண்டு வந்ததால் தங்கச்சி தப்பினாள், அடையாள அட்டையும் எடுத்துவிட்டாள். முகாமில் உறவுகள் உள்ளவர்கள், வெளிக்கிட முன்னம் இந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள். இங்கே வந்து தொடங்கினால் இழுபடும்.

ஒரு பயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2025 மே மாதம் பலாலியில் வந்திறங்கிய ஒரு முதியவரை, அந்தக் காலம் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனவர் என்று கைது செய்தார்கள். சண்டைக்குப் பயந்து வள்ளம் ஏறினவனிடம் குடிவரவு முத்திரை கேட்பது எந்த நியாயம்? சின்னம்மாவின் முகாம் சிநேகிதி ஒருவர் அந்தச் செய்தியோடு பயணத்தை நிறுத்திவிட்டார்.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் அஸ்வெசும பற்றியும் கேட்டோம். 2023 ஆடியில் நடைமுறைக்கு வந்த அந்த உதவியின் முதல் சுற்றுக்கு விண்ணப்பம் எடுத்தபோது சின்னம்மா முகாமில் இருந்தார். அடுத்த சுற்றில் பதிந்து, விசாரிக்க வந்தவர்கள் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் போய், இப்போது கிடைக்கிறது. வறிய பிரிவுக்கு மாதம் 10,000 ரூபா, மிக வறிய பிரிவுக்கு 17,500. இன்றைய விலைவாசியில் மூன்று வயிற்றுக்கு அது காணாது. ஆனாலும் தன் பெயரில் வங்கிக்கு வரும் காசு என்று சின்னம்மாவுக்கு அதில் ஒரு தெம்பு.

வீடுதான் நிற்கிறது. சண்டை முடிந்த பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டம் பெரியது. மொத்தம் 50,000 வீடு, அதில் 46,000 வடக்குக் கிழக்குக்கு. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை எழும்ப எழும்பத் தவணையாகக் கொடுத்தார்கள். சின்னம்மா வருவதற்கு முன்னமே அந்தக் காலம் முடிந்துவிட்டது. இப்போது அரசாங்கம் கொடுக்கும் வீடுகள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம். அதற்கும் போட்டோம். உத்தியோகத்தர் கோவையைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தார். குடும்ப அட்டை சரி, அடையாள அட்டை சரி, விதவை, தகரக் கொட்டில். தெரிவில் மேலே வரக்கூடிய ஆள் என்று அவரே சொன்னார். பிறகு கேட்டார்: "காணி உறுதி ஆருடைய பேரில?"

உறுதிப் பத்திரம் அம்மப்பாவின் பேரில். பிரிக்காத காணி. கிழக்குப் பக்கம் சின்னவளுக்கு என்று அம்மப்பா வாயால் சொன்னது எல்லோருக்கும் தெரியும், உறுதியில் ஏறவில்லை. இப்போது உரித்தாளர்கள்: பாரிஸில் பெரிய மாமா, லண்டனில் சின்ன மாமா, அம்மா இல்லாதபடியால் கனடாவில் நானும் ஜேர்மனியில் அக்காவும், அந்தக் காணியிலேயே படுத்தெழும்பும் சின்னம்மா. ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரும் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

அந்த மேசைக்கு முன்னால் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது, சின்னம்மாவின் வீட்டை மறித்துக்கொண்டு நின்றது எங்கள் குடும்பம் என்று. மூன்று வருடமாக ரெலிபோனில் "கந்தோரில என்ன சொல்லினம்?" என்று நாங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கு இந்தப் பதில் முன்னமே தெரியும். "உங்களை எப்பிடிக் கேக்கிறது? காணியைப் பறிக்க வந்திட்டாள் எண்டு நினைப்பீங்களோ எண்டு விட்டிட்டன்" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் வெளிநாட்டுக்காரரின் வீடுகள் ஐந்து. நிறம் அடித்து, மதில் கட்டி, பெரிய கேற் போட்டு, பின்னேரம் யாரோ வந்து லைற் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வெளிச்சத்தில்தான் தங்கச்சியின் மகன் வாசலில் இருந்து படிக்கிறான்.

நொத்தாரிசு விளக்கமாகச் சொன்னார். வெளிநாட்டுப் பிரஜை ஆகிவிட்டதால் எங்கள் பங்கு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கும் 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாரிசாக வருவதற்கு விலக்கு உண்டு. ஆகவே எல்லோரும் தங்கள் பங்கைச் சின்னம்மாவுக்கு நன்கொடை உறுதியாக எழுத வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் தாங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்துக்கு (தங்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும், அது இங்கே பதிவாக வேண்டும். நொத்தாரிசு வரைவு எழுதி, அதை நான் போனில் படம் எடுத்து மூன்று நாட்டுக்கும் அனுப்பினேன்.

அக்கா அடுத்த கிழமையே பேர்லினுக்கு ரெயில் ஏறினாள். பெரிய மாமா தூதரகத்துக்கு நாள் எடுத்துவிட்டார். நான் மச்சானின் பெயருக்கு அற்றோணித் தத்துவத்தை அங்கேயே எழுதி வைத்துவிட்டு வந்தேன். சின்ன மாமா மட்டும் "பாப்பம், ஆறுதலா செய்வம்" என்றார். அவருக்குக் காணியில் ஆசை இல்லை. அம்மப்பாவின் கடைசித் துண்டில் தன் பெயர் இல்லாமல் போவது அவருக்குத் தாங்கவில்லை. அந்தக் கவலை எனக்கும் விளங்குகிறது. ஆனால் மாரி தொடங்க முன்னம் இது முடிய வேண்டும். கொட்டிலின் வடக்குப் பக்கத் தகரம் ஏற்கெனவே துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது.

வெளிக்கிடும் நாள் காலை, சின்னம்மா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, அந்தத் தலைப்பைப் பிடி" என்றார். கிழக்குப் பக்கம் இருவரும் இழுத்துப் பிடித்தோம். பன்னிரண்டடி என்று கயிற்றில் முடிச்சுப் போட்டார், கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டார்.

இதை லண்டனில் இருந்து எழுதுகிறேன். ரொறன்ரோ போகும் வழியில் 2 நாள் சின்ன மாமா வீட்டில் இறங்கியிருக்கிறேன். வாக்காளர் இடாப்பின் பிரதியை மேசையில் வைத்தேன். அம்மப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தேடிப் பார்த்துவிட்டு, நாளைக்குத் தூதரகத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டார்.