18 வெள்ளிக்கு 171வது சட்டம், வாங்கலாமா?

எங்க தையல் கடைக்குப் பின்னால பேக் லேன்ல யாரோ பழைய எண்ணெயக் கொட்டி லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைச்சிக்கிச்சு, நாத்தம் தாங்கல, இத சுத்தம் பண்றது யாரு வேலைன்னு சட்டத்துலயே இருக்கும்லான்னு பக்கத்துக் கடை அண்ணன் சொல்லவும், பினாங்கு ரோடு பக்கம் ஒரு புத்தகக் கடையில நம்ம மலேசிய ஊராட்சிச் சட்டம் 1976 வாங்கிட்டு வந்தேன். சட்டம் 171ன்னு சொல்வாங்களே, அதுதான். 18 வெள்ளி (ரிங்கிட்). இங்கிலீஷ்ல இருக்கு, எழுத்து எறும்பு சைஸ், மூணாம் நாளே நடுப்பக்கம் கையோட வந்துருச்சு.

அதவிட கூத்து, நான் தேடுனது இதுல இல்ல. ரோடு, கால்வாய், கட்டடம் எல்லாம் 1974ல வந்த 133ங்கிற வேற சட்டமாம். விக்கும்போதே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

ஆனா திருப்பிக் குடுக்கல. 107வது பிரிவுக்கே காசு சரியாப் போச்சு. நம்ம கடை லைசென்ஸ ஊராட்சி கவுன்சில் எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணலாம், காரணம் சொல்லத் தேவையில்ல, நஷ்டஈடும் கிடையாதுன்னு பச்சையா எழுதியிருக்கு. நான் இத்தன வருஷமா அது என்னமோ என் சொத்துன்னு நெனச்சிட்டு இருந்தேன்! லைசென்ஸ எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி மாட்டி வைக்கணும்னும் அதே பிரிவுல வருது. என்னோடது கல்லாப்பெட்டியில நூல்கண்டுக்கு அடியில நாலா மடிச்சுக் கெடந்துச்சு, அன்னிக்கே எடுத்து, மேல துணி போட்டு லேசா இஸ்திரி பண்ணி, பிரேம் போட்டு மெஷினுக்கு மேல மாட்டிட்டேன்.

வீட்டு வரி பகுதிதான் மண்டைய காய வச்சுது. பிப்ரவரி கடைசி, ஆகஸ்டு கடைசின்னு ரெண்டு தடவ கட்டுறோமே, அது வருஷ வாடகை மதிப்புல 35 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு 130வது பிரிவுல இருக்கு, மதிப்ப ஏத்துனா எழுத்து மூலமா ஆட்சேபம் பண்ண 142ல வழி இருக்கு.

எங்க தாத்தா ஜார்ஜ்டவுன்ல கவுன்சிலுக்கு ஓட்டு போட்ட கதையெல்லாம் சொல்வாரு. தேர்தல 1965ல நிறுத்துனாங்க, இந்தச் சட்டத்தோட 15வது பிரிவு கதவையே சாத்திருச்சு, இப்ப கவுன்சிலர்கள மாநில அரசாங்கம்தான் நியமிக்குது, 8 பேருக்குக் குறையாம 24க்கு மேல போகாம. ஆனா கூட்டத்துக்கு நம்மளும் போய் உக்காந்து பாக்கலாம், 23வது பிரிவு.

விஷயத்துக்கு 4 ஸ்டார், பைண்டிங்குக்கு 1. அடுத்து 133 வாங்கணும், இந்தத் தடவ நடுப்பக்கத்த இழுத்துப் பாத்துட்டுத்தான் காசு குடுப்பேன்.