பிள்ளைகளின் சண்டையா, துன்புறுத்தலா?

சண்டை என்றால் இரண்டு பேரும் கோபப்படுவார்கள், இரண்டு பேரும் கத்துவார்கள், மறுநாளே சேர்ந்து விளையாடுவார்கள். பெரும்பாலும் நாம் தலையிடவே வேண்டாம்.

துன்புறுத்தல் வேறு. 1970-களிலேயே இதை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையிடம் செய்வது. மூன்றாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கேலிக்கு ஆளான பிள்ளையும் சில சமயம் சேர்ந்து சிரிக்கும், பயத்தில். அடித்தால் காயம் தெரியும். யாரும் பக்கத்தில் உட்காராமல் ஒதுக்குவது தெரியாது. பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பேனா, பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடிவருவது, இவற்றைக் கவனியுங்கள். இங்கே "ரெண்டு பேரும் கைகுடுங்க" என்று சமாதானம் பேசக் கூடாது. பெரியவர்கள் முதலில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும்.