நீலகிரி வரலாறு தேடுவோருக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்: ஒரு மதிப்புரை

நீலகிரியின் வரலாற்றை எழுத விரும்பும் ஒருவர், அதற்கு வேண்டிய அடிப்படை நூல்களில் பெரும்பாலானவற்றை இன்று கோத்தகிரியை விட்டு நகராமலே படித்துவிட முடியும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். புரூஸ்டர் கேல் 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பு இலாப நோக்கற்றது. பிரீக்ஸ் 1873இல் வெளியிட்ட பழங்குடிகள், தொல்சின்னங்கள் பற்றிய நூல், கிரிக் 1880இல் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேடு, தோடர் என்னும் நீலகிரிப் பழங்குடியினரைப் பற்றி ரிவர்ஸ் 1906இல் எழுதிய பெருநூல், பிரான்சிஸ் 1908இல் எழுதிய மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியர், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் ஆகிய யாவும் அதில் முழுமையாகக் கிடைக்கின்றன. இவை காப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால் கட்டணம் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வசதியின் அளவை உணர, முன்பிருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்து, அங்கிருந்து இரவு முழுவதும் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் எழும்பூரில் கன்னிமாரா நூலகமோ ஆவணக் காப்பகமோ திறக்கும் வரை காத்திருப்பு என்பதுதான் அன்றைய வழி. கேட்ட நூல் கைக்கு வந்தாலும் பென்சிலால் படியெடுக்க வேண்டும். மாலைக்குள் எல்லாவற்றையும் எழுதிவிட முடியாது என்பதால், எந்தப் பத்தி தேவை, எது தேவையில்லை என்ற முடிவை அந்த மேசையிலேயே எடுத்தாக வேண்டியிருந்தது. அப்படித் தேர்ந்தெடுத்துக் கையால் எழுதியவர் ஊர் திரும்பும்போது கட்டுரையின் பாதி அவர் மனத்தில் உருவாகியிருக்கும். இன்று ஒரே மாலையில் ஐந்து நூல்களை இறக்கி வைத்துவிடலாம். ஆனால் அவற்றுள் எதைத் தேர்வது என்ற உழைப்பு தொடங்காமலே நின்றுவிடுகிறது. நம்மில் பலருடைய கணினியில் திறக்கப்படாத கோப்புகள் குவிந்து கிடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தளத்தின் வாசிப்புத் திரை நன்றாகவே அமைந்திருக்கிறது. இரண்டு பக்கங்களை அருகருகே காட்டுகிறது, தாளைப் புரட்டுவது போல நகர்கிறது, பெரிதாக்கினால் எழுத்து உடைவதில்லை. பழைய நூலகத்தின் முத்திரை, யாரோ ஓரத்தில் பென்சிலால் இட்ட கோடு, தாளில் படிந்த பழுப்புக் கறை வரை எல்லாம் தெரியும். ஆனால், மடித்து வைத்து ஒட்டப்பட்ட வரைபடங்கள் பல படிகளில் மடிப்பு விரிக்கப்படாமலே படமெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே நூலுக்கு வெவ்வேறு நூலகங்களின் படிகள் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஒன்றில் மூடிக் கிடக்கும் வரைபடம் மற்றொன்றில் விரிந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி நின்றுபோகும் எங்கள் பக்கத்தில் முழு நூலையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இனி, இச்சேவையின் பெருமையாகப் பலரும் சொல்லும் தேடல் பெட்டிக்கு வருகிறேன். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து எந்திரம் எழுத்துகளை ஊகித்து ஓர் உரையை உருவாக்குகிறது; நாம் தட்டும் சொல் தேடப்படுவது அந்த ஊகித்த உரையில்தான், நூலில் அல்ல. 1908ஆம் ஆண்டு கெசட்டியர் ஊர்ப்பெயர்களில் நெடில் ஓசையைக் காட்ட ஆங்கில 'ஓ' எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு இடுகிறது. எந்திரம் அந்த எழுத்தை ஆறு என்ற எண்ணாகப் படித்துவிடுவது உண்டு. அப்படி நேர்ந்த இடங்களில், கோத்தகிரியைப் பற்றிய பக்கம் கண் முன்னே இருந்தாலும் தேடலில் அகப்படாது. எழுத்துக்கூட்டு மாறிய பெயர்கள் இதைவிடப் பெரிய சிக்கல். கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர் கோத்தகிரியைக் 'கோட்டர்கெரி' என்று எழுதினார்கள். படகர்களைப் 'பர்கர்' என்றார்கள். வெலிங்டன் என்ற பெயர் வருவதற்கு முன் அந்த இடம் 'ஜக்கதல்லா'. இன்றைய பெயரைத் தட்டிப் பார்த்து, 'முடிவுகள் இல்லை' என்று வந்ததும், அந்த ஊரைப் பற்றிப் பழைய பதிவே கிடையாது என்று ஆய்வேட்டில் எழுதிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவு, அதை ஒரு மனிதர் படித்துத் தொகுத்தது என்பதால், இத்தகைய இடங்களில் தேடல் பெட்டியைவிட நம்பகமானது.

இதைவிடக் கவலை தருவது, தேடிக் கிடைத்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நூலை மூடிவிடும் பழக்கம். தர்ஸ்டனின் தொகுதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் தமக்கு முன் எழுதிய அதிகாரிகள், பாதிரியார்கள், ஆய்வாளர்கள் ஆகியோரின் பத்திகளை நீளநீளமாக மேற்கோள் காட்டுகிறவர். மேற்கோள் தொடங்கும் இடம் முந்தைய பக்கத்தில் இருக்கும். தேடல் காட்டும் மூன்று வரித் துணுக்கில் அது தெரியாது. ஆகவே வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கருத்து தர்ஸ்டனின் கருத்தாக ஒரு கட்டுரைக்குள் நுழைந்து, அங்கிருந்து படியெடுக்கப்பட்டு மேலும் பல கட்டுரைகளில் பரவுகிறது. கோத்தர்களையும் குறும்பர்களையும் பற்றி அக்காலத்தவர் எழுதிய கடுமையான தீர்ப்புகள், யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற விவரம் உதிர்ந்துபோய், இன்றும் அப்படியே எடுத்தாளப்படுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அது வாழும் மக்களைப் பற்றிய பேச்சு.

மாறாக, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவருக்கு இந்த நூலகம் அள்ளிக் கொடுக்கிறது. 1603இல் மலபாரிலிருந்து மலையேறி வந்து தோடர்களைச் சந்தித்த பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியாரின் அறிக்கை ரிவர்ஸ் நூலின் பின்னிணைப்பில் ஆங்கிலமாக்கித் தரப்பட்டிருக்கிறது. அப்படியோர் ஆள் வந்தார் என்று முன்பே அறியாதவர் அவர் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டப்போவதில்லை. நூலின் கடைசிப் பகுதி வரை போகிறவருக்குத்தான், ஆங்கிலேய அதிகாரிகளான விஷ், கிண்டர்ஸ்லி ஆகியோரின் 1818ஆம் ஆண்டுப் பயணத்துக்கும், அதை அடுத்து வந்த கோயம்புத்தூர் ஆட்சியர் சல்லிவனுக்கும் இரண்டு நூற்றாண்டுகள் முன்னதாகவே இந்த மலையைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்பது புலப்படும்.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை என் மதிப்பீடு சற்றுக் குறைவுதான். நூல்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'னை', 'லை', 'றா' போன்றவை வேறு வடிவில் இருப்பதால், படத்திலிருந்து எழுத்தை ஊகிக்கும் எழுத்துணரி அவற்றில் தடுமாறுவது இயல்பு. தமிழில் சொல் தேட வேண்டியவர், 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து வெளியிடும் மதுரைத் திட்டத்தின் உரைகளை நாடுவதே மேல். அரிய தமிழ் நூல்களின் பக்கப் படங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை முதலில் பார்க்கலாம்.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துத் தரும் வேபேக் மெஷின் இதே அமைப்பின் மற்றொரு சேவை. அடிக்குறிப்பில் இணைய முகவரி தருகிறவர்கள் அந்தப் பக்கத்தை அதில் சேமித்துவிட்டு அந்த முகவரியையும் சேர்த்துத் தருவது நலம். காப்புரிமை உள்ள நூல்களை இரவல் தரும் பகுதி மட்டும் சுருங்கிவிட்டது. பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பு வந்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அதிலிருந்து எடுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் தளமே சில நாட்கள் முடங்கியது. ஆய்வு நடக்கும் காலத்தில் முக்கியமான நூல்களுக்குச் சொந்தப் படி ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மலைப்பகுதியின் கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒன்றைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும்: நான் மேலே குறிப்பிட்ட நூல்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்த அதிகாரிகளும் அறிஞர்களும் எழுதியவை. ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களில் வாழ்ந்தவர்கள் தங்களைப் பற்றி எழுதியவை கோயில் விழா மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் வீட்டுப் பெட்டிகளிலும்தான் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் இலவசக் கணக்குத் தொடங்கி ஆவணங்களை ஏற்றலாம். உரியவர்களின் இசைவு பெற்று அத்தகைய மலர்களைப் படமெடுத்து ஏற்றுகிறவர்கள், தலைப்பில் ஊரின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், பழைய எழுத்துக்கூட்டு தெரிந்தால் அதையும் சேர்த்து, மொழிக்கும் ஆண்டுக்கும் உரிய கட்டங்களைத் தவறாமல் நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.