ஜெனீவா வேதாகமத்தின் 1560 நகல் பதிப்பு: ஓரக்குறிப்புகளுக்காக வாங்க வேண்டிய நூல்

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் சிந்தனையைப் படிப்பவர்களில், ஓரக்குறிப்புகளோடு வந்த ஆங்கில மொழிபெயர்ப்பான ஜெனீவா வேதாகமத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் அது 1560இல் அச்சிலிருந்து வந்த கோலத்திலேயே பார்த்தவர்கள் மிகக் குறைவு. அந்த முதற்பதிப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமாக எடுத்து, கெட்டி அட்டையுடன் ஒரே தொகுதியாக வெளியிட்டிருக்கும் நகல் பதிப்பு ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வேதாகமத்தின் உயிர் அதன் ஓரக்குறிப்புகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே அந்தக் குறிப்புகளை இந்த நகல் எவ்வளவு நேர்மையாகக் கண்முன் வைக்கிறது என்பதைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

மூல நூல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1553இல் மேரி அரசியானதும் இங்கிலாந்து மீண்டும் ரோமத் திருச்சபையின் பக்கம் திரும்பியது. 1558இல் அவர் இறப்பதற்குள் ஏறத்தாழ 280 பேர் சமய நம்பிக்கைக்காக எரிக்கப்பட்டனர். நாட்டை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் வழிநடத்திய ஜெனீவா நகரில் தங்களுக்கென்று ஒரு சபையை அமைத்துக்கொண்டனர். வில்லியம் விட்டிங்காம், அந்தோனி கில்பி, தாமஸ் சாம்ப்சன் முதலியோர் அங்கே மொழிபெயர்த்த வேதாகமத்தை ரோலண்ட் ஹால் 1560இல் அச்சிட்டார். அப்போது எலிசபெத் அரியணை ஏறியிருந்தார். நூலின் தொடக்கத்தில் அவருக்கு எழுதப்பட்டிருக்கும் காணிக்கை உரை, அவரை ஆலயத்தை மீண்டும் கட்டிய செருபாபேலுக்கு ஒப்பிடுகிறது. அந்த உரையை நிதானமாகப் படித்தால், வாழ்த்துக்கு நடுவே அரசியின் கடமை என்னவென்று அவருக்கே எடுத்துச்சொல்லும் துணிவும் தெரிகிறது.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். பக்கத்தின் நடுவே இரண்டு பத்திகள். தேவாலயங்களில் வைக்கப்பட்டிருந்த பழைய பெரிய வேதாகமத்தின் தடித்த கோதிக் எழுத்துக்குப் பதிலாக, கண்ணுக்கு இதமான ரோமன் எழுத்து. ஒவ்வொரு வசனமும் தன் எண்ணுடன் தனி வரியில் தொடங்குகிறது. முழு ஆங்கில வேதாகமம் ஒன்றில் இப்படி வசன எண்கள் வந்தது இதுவே முதல் முறை. மூலத்தில் இல்லாமல் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த சொற்கள் சாய்வெழுத்தில் தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றன. வசனத்துக்குள் இருக்கும் ஒரு சிற்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போனால் விளக்கம் கிடைக்கிறது. எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் அவனிடம் சாக்குச் சொல்லும் 19ஆம் வசனத்துக்கு, அவர்கள் கீழ்ப்படியாதது நியாயமே, ஆனால் உண்மையை மறைத்ததுதான் தீது என்று இரண்டு வரியில் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டு வரி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினேழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1543இல், எட்டாம் ஹென்றியின் நாடாளுமன்றம் கைவினைஞர்களும் தொழில் பழகுபவர்களும் உழவர்களும் கூலியாட்களும், உயர்குடியில் பிறக்காத பெண்களும் ஆங்கில வேதாகமத்தைப் படிக்கவே கூடாது என்று சட்டம் இயற்றியிருந்தது. ஹென்றி இறந்த 1547ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் தேவாலயத்து மேடையில் கிடந்த பெரும் புத்தகத்தை நின்றபடி படிப்பதும், வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து, போதகர் யாரும் பக்கத்தில் இல்லாமலேயே, குறிப்புகளின் துணையோடு குடும்பத்தாருக்கு வாசித்துச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவில் வந்த இந்த நூல், குடும்பத் தலைவரைச் சிறு போதகராக்கியது. வேலைக்காரரையும் மனைவியையும் பிள்ளைகளையும் கேள்வி கேட்பவர்களாக்கியது. அரசனின் கட்டளை தேவனுடைய கட்டளைக்கு மாறாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, பல்கலைக்கழக விவாதத்திலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆட்சியாளர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர் 1568இல் ஆயர்களைக் கொண்டு மொழிபெயர்த்த ‘ஆயர்கள் வேதாகமத்தை’ வெளியிட்டபோது, கசப்பான குறிப்புகள் எதுவும் எழுத வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு விதி வகுத்திருந்தார். 1575இல் அவர் இறந்த பிறகே ஜெனீவா வேதாகமம் இங்கிலாந்து மண்ணில் தடையின்றி அச்சாகத் தொடங்கியது. 1644 வரை 140க்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் மன்னர் முதலாம் ஜேம்ஸ், ஆங்கில மொழிபெயர்ப்புகளிலேயே மிக மோசமானது ஜெனீவாதான் என்று சொல்லி, மேலே கண்ட மருத்துவச்சிகள் குறிப்பைச் சான்றாகக் காட்டினார். அவர் காட்டிய மற்றொரு சான்று 2 நாளாகமம் 15:16. விக்கிரகம் செய்த தன் தாயை ஆசா ராஜா பதவியிலிருந்து மட்டும் நீக்கினான், அவள் சாக வேண்டியவள் என்கிறது அந்தக் குறிப்பு. ஜேம்ஸின் தாயான ஸ்காட்லாந்து அரசி மேரி 1587இல் தலை வெட்டப்பட்டவர் என்பதை நினைத்தால், அந்த வரி அவரை எப்படித் தைத்திருக்கும் என்பது விளங்கும். 1611இல் அவர் ஆதரவில் வெளிவந்த மொழிபெயர்ப்பில் இத்தகைய விளக்கக் குறிப்புகளே இல்லாமல் போனதற்கு இந்த மாநாட்டில்தான் வித்து விழுந்தது.

இவ்வளவு கனமான குறிப்புகளை நகல் பதிப்பு எப்படித் தாங்கியிருக்கிறது என்று கேட்டால், பாதி திருப்தியும் பாதி வருத்தமும்தான் பதில். ஒளிப்படங்கள் தெளிவாக இருக்கின்றன. வசனங்களைப் படிப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் மூலத்தைவிடப் பக்க அளவைச் சுருக்கியிருப்பதால், ஏற்கெனவே பொடியாக இருந்த குறிப்பெழுத்து இன்னும் பொடியாகிவிட்டது. பூதக்கண்ணாடி இல்லாமல் நெடுநேரம் படிக்க முடியாது. கட்டுமானம் இறுக்கமாக இருப்பதால் உட்புற ஓரத்துக் குறிப்புகளின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. முதுகை அழுத்தி விரித்தால் படிக்கலாம், ஆனால் கட்டு தளர்ந்துவிடும் என்று மனம் பதறுகிறது. குறிப்புகள் நெருங்கி நிற்கும் ரோமர் நிருபத்தின் 8, 9 அதிகாரங்களில் இந்தக் குறை மிகவும் உறுத்துகிறது. யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவனே முன்னதாகத் தெரிந்தெடுத்துவிட்டார் என்னும், தெரிந்துகொள்ளுதலும் முன்குறித்தலும் பற்றிய கால்வினியக் கொள்கையைச் சாதாரண ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட இடமே அந்த ஓரங்கள்தான்.

பழைய அச்சுக்குப் பழகாதவர்கள் முதலில் தடுமாறுவார்கள். 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் 'எஃப்' போலவே இருக்கும். 'யு', 'வி' இரண்டும் இடம் மாறி வரும். சில அதிகாரங்களை உரக்கப் படித்தால் கண் பழகிவிடும். இதற்கு உதவியாக ஒரே ஒரு பக்கம் முன்னுரையில் ஒதுக்கியிருந்தால் போதும். பதிப்பகத்தார் அதைச் செய்யாமல், மொழிபெயர்ப்பாளர்களைப் புகழ்வதிலேயே முன்னுரையை முடித்துவிட்டார்கள்.

நிலப்படங்களும் மரச்செதுக்குப் படங்களும் நன்றாக வந்திருக்கின்றன. பேழை, ஆசரிப்புக் கூடாரம், சாலொமோனின் ஆலயம் எனப் பெரும்பாலும் கட்டடங்களும் கருவிகளுமே படமாக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வழிபாட்டில் உருவங்களை வெறுத்த மக்கள், அளவையும் அமைப்பையும் விளக்கும் படத்தைக் கல்விக்காக மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். புராட்டஸ்டண்டுகள் வேதத்தின் பகுதியாக ஏற்காத தள்ளுபடி ஆகமங்களும் நூலில் உண்டு. அவை சபையில் பொதுவாக வாசிக்கவும் விளக்கவும் உரியவை அல்ல என்ற முன்குறிப்போடு அச்சிட்டிருக்கிறார்கள்.

வாங்க விரும்புகிறவர்கள் ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஜெனீவா வேதாகமம் என்ற பெயரில் சந்தையில் கிடைப்பவற்றில் சில, 1599 பதிப்பை இக்கால எழுத்திலும் எழுத்துக்கூட்டலிலும் புதிதாக அச்சுக் கோத்தவை. அந்தப் பிற்காலப் பதிப்பில் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு உள்ளவை இறையியலாளர் பிரான்சிஸ் யூனியஸ் எழுதிய நீண்ட குறிப்புகள்; 1560இன் குறிப்புகள் அல்ல. தினசரி வாசிப்புக்கும் பிரசங்கத் தயாரிப்புக்கும் அது வசதியானது, விலையும் குறைவு. எலிசபெத் காலத்து வீட்டில் ஒருவர் உண்மையில் எந்தப் பக்கத்தைக் கண்டார், எந்த வசனத்துக்கு அருகில் எந்த விளக்கம் நின்றது என்று ஆராய்கிறவர்களுக்கு அது உதவாது; குறைகளோடும் இந்த நகல் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். அடுத்த அச்சில் உட்புற ஓரத்தை ஒரு விரல் அகலமாவது கூட்டும்படி பதிப்பகத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.