விரலா, டச்பேடா, நிஜ மவுஸா? போனில் பழைய கேம் ஆட எது சரி

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடிய பழைய கேம்களில் பெரும்பாலானவை 320-க்கு 200 பிக்சல் திரைக்காகச் செய்யப்பட்டவை. ஆறரை அங்குல போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்த 200 வரிகளும் ஏழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். விரல் நுனியின் அகலம் ஒரு சென்டிமீட்டர் என்றால், தொட்ட இடத்தில் சுமார் 30 வரிகள் மறைந்துபோகும். அம்புக்குறியின் முனையோ ஒரே ஒரு பிக்சல்தான். எந்த முறையை எடுத்தாலும் இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய கதை-புதிர் கேம்களை இயக்கும் ஆண்ட்ராய்டு ஸ்கம்விஎம் செயலியில் நேரடித் தொடுதல், டச்பேட் இரண்டும் உண்டு. கேம்பேட் மாதிரி ஒன்றும் இருக்கிறது, அதை இங்கே விட்டுவிடலாம். சோதித்துப் பார்க்க 1994-இல் வந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ தோதானது. 2003 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இடது கிளிக் பொருளைப் பார்க்க, வலது கிளிக் அதைப் பயன்படுத்த. வலது கிளிக் இல்லாமல் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது.

நேரடித் தொடுதலில், விரல் வைத்த இடத்துக்கே அம்பு வந்துவிடும். வேகம் என்றால் இதுதான். ஆனால் அம்பு ஒரு பொருளின் மேல் நிற்கும்போது தெரியும் பெயர் விரலுக்கடியில் போய்விடுகிறது. கையிருப்புப் பொருள்களைப் பார்க்க அம்பைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே விரலை இழுத்தால் நோட்டிபிகேஷன் பட்டை எட்டிப் பார்க்கும். பத்து அங்குல டேப்லெட்டில் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். போனில் முடியாது.

திரை முழுவதையும் லேப்டாப் டச்பேட் போல ஆக்கும் டச்பேட் முறையை முதல் ஐந்து நிமிடத்தில் பலரும் அணைத்துவிடுகிறார்கள். விரல் ஓரிடம், அம்பு வேறிடம் என்பது எரிச்சலாகத்தான் இருக்கும். அம்பின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுத் தொடர்ந்து ஆடினால் கை பழகிவிடும். போனுக்கு என் ஓட்டு இதற்கே.

டாஸ் கணினியையே போனுக்குள் போலியாக உருவாக்கும் டாஸ்பாக்ஸ் வகைச் செயலிகளில் இதற்கு இன்னொரு வலுவான காரணமும் சேர்கிறது. பல டாஸ் கேம்கள் மவுஸ் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. எவ்வளவு நகர்ந்தது என்றுதான் கேட்கும். அதனால் நேரடித் தொடுதலில் விரல் ஒரு பக்கமும் அம்பு ஒரு பக்கமுமாக விலகிப்போகும். அந்த வகையில் ஒன்றான டாஸ்பாக்ஸ் ப்யூரின் அமைப்பிலேயே நேரடி முறை எல்லா கேமுக்கும் ஒத்துவராது என்று எழுதியிருக்கிறது. டச்பேட் அனுப்புவதே நகர்வை மட்டும் என்பதால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

போர்த்தந்திர கேம் என்றால் கதை வேறு. 1995-இன் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ ஆட்டத்தில் படையைக் கட்டம் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும், வரைபடத்தை நகர்த்த அம்பை ஓரத்தில் முட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு 10-இல் வந்த சைகை முறை இயங்கும் போனில், ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ‘பின்செல்’ ஆகிவிடும். டச்பேடில் ஓரத்துக்குப் போகலாம், ஆனால் எதிரி டாங்கி அதுவரை காத்திருக்காது. இங்கே நிஜ மவுஸ்தான். ஐபேடிலும் 2020-இல் வந்த 13.4 பதிப்பிலிருந்து மவுஸ் முறையாக வேலை செய்கிறது.

‘டூம்’ போன்ற சுடும் ஆட்டங்களுக்கு ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்குப் பிந்தைய போனாகப் பாருங்கள். மவுஸைச் செயலி முழுதாகத் தன்வசம் எடுத்துக்கொள்ளும் வசதி அதில்தான் வந்தது. அது இல்லாவிட்டால் அம்பு திரை ஓரத்தில் முட்டியதும் திரும்புவது நின்றுவிடும். ஓடிஜி வழியாக, அதாவது போனின் சார்ஜ் துளையிலேயே, மவுஸைச் செருகினால் சார்ஜருக்கு இடம் இருக்காது. நீண்ட நேரம் ஆடுகிறவர்கள் புளூடூத் மவுஸே வாங்கலாம்.