சுவருக்கு ஊசி போட வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

யாங்கூனில் அனோரதா சாலையை ஒட்டிய தெருக்களில், பழைய செங்கல் வீடுகளில் குடியிருக்கிறவர்கள் கவனிக்கவும். தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, "சுவருக்கு ஊசி போட்டு ஓதத்தை, அதாவது சுவரில் ஊறும் ஈரத்தை, நிறுத்துகிறோம்" என்று ஒரு கூட்டம் மாடி மாடியாக ஏறி இறங்குகிறது. கையில் கீச்சிடும் சிறு கருவி, வாயில் பத்து ஆண்டு உத்தரவாதம். எங்கள் வீட்டில் கைவரிசையைக் காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

பேச வந்தவர் நம் தமிழர்தான். "பாருங்கள் அக்கா, அடியிலிருந்து நீர் ஏறியிருக்கிறது" என்று கருவியின் இரு முனைகளையும் சுவரில் குத்தினார். அது கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? முனைகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. பழைய சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பே கருவி காட்டும் அளவை ஏற்றிவிடும். அதுவும் மரத்தின் ஈரத்துக்கென்று அளவு குறித்த கருவி.

அடிச்சுவரில் வரிசையாகத் துளையிட்டு எதையோ செலுத்தினார்கள். பூசணத்தின் மேல் பிளீச்சிங் திரவம் தெளித்து, அது காய்வதற்குள் உப்பைக் கழுவுகிறோம் என்று ஆசிட்டையும் ஊற்றினார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மாமியார் இருமிக்கொண்டே கூடத்தை விட்டு ஓடினார். பணம் போனதைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

பிறகு சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார்கள். சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும். ஆனியில் மழை வலுத்ததும் பெயிண்ட் கொப்புளித்தது. அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம் படர்ந்தது. சிமெண்டுக்கு மேலே, முன்பு காய்ந்திருந்த இடத்திலும் ஈரம் ஏறியது. சுண்ணாம்புச் சுவர் குடித்த நீரை மூச்சாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூக்கைப் பொத்திவிட்டார்கள்.

போன் செய்தால், வெளியிலிருந்து புகும் நீருக்கு உத்தரவாதம் இல்லையாம். உத்தரவாதத் தாளின் கடைசி வரியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வெளியிலிருந்து வராத மழை எது என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பிறகு வந்த வயதான கொத்தனார் சுவரைத் தொடவே இல்லை. நேராகப் பின்சந்துக்குப் போனார். மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயின் மூட்டில் ஆலங்கன்று முளைத்துக் குழாயைப் பிளந்திருந்தது. மேல்வீட்டு மழைநீர் முழுவதும் எங்கள் சுவரில்தான் வழிந்திருக்கிறது. சந்தின் தளமும் எங்கள் உள்தரையைவிட உயர்ந்துவிட்டது. குழாயை மாற்றி, சிமெண்டைக் கொத்தி எடுத்து, மீண்டும் சுண்ணாம்புச் சாந்தே பூசினோம். ஓர் அங்குலச் சுவர் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் தோராயக் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும்.

உங்கள் வீட்டில் நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் துளிர்த்தால் அது காற்றின் ஈரம். அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூசணத்தை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், வீடெங்கும் பறக்கும்.

முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், ஒரு மழைக்காலம் கழிந்து, ஐப்பசி முடிந்த பிறகுதான் மீதித் தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் துளையிட விடாதீர்கள்.